முதல் மணி நேரம் யாருக்கு?

நேரம் நம் கையில் – 9

ஒரு வாரத்தின் 168 மணி நேரம் எங்கெங்கே போகிறது என்று சென்ற வாரம் கணக்குப் போட்டோம். தூக்கம், அலுவலகம், பஸ், டிராஃபிக், சமையல், பிள்ளைகளின் ட்யூஷன் என்று எழுதிக்கொண்டே வந்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். நாம் மிகவும் ஆசைப்படும் வேலைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. வீணையோ, டி.என்.பி.எஸ்.சி. படிப்போ, பாதியில் நிற்கும் நாவலோ, எதுவானாலும் ‘மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கி வைத்திருப்போம். அந்த மிச்ச நேரம் எந்த வாரமும் வந்து சேர்வதில்லை.

அதை வரவழைத்த ஒருவரைப் பார்க்க இந்த வாரம் சென்னை கோபாலபுரம் போவோம். அங்கே நான்காவது தெருவில், வேணுகோபால சுவாமி கோயிலுக்கு அருகே இருக்கும் வீட்டை மு. கருணாநிதி 1955-இல் வாங்கினார். 2018 ஆகஸ்ட் 7 அன்று மறையும் வரை அரசியல் உலகில் ‘கோபாலபுரம்’ என்றாலே அந்த வீடுதான். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இந்தத் தொடருக்கு அது தேவையில்லை. அவர் தன் நாளை எப்படி அடுக்கினார் என்பது மட்டுமே நம் விஷயம்.

ஐந்து முறை முதலமைச்சர். 1969 முதல் இறுதிவரை தி.மு.க. தலைவர். 1947-இல் ‘ராஜகுமாரி’, 1952-இல் ‘பராசக்தி’ என்று தொடங்கி நீண்ட திரைக்கதை, வசனப் பட்டியல். ஆறு பாகங்களில் ‘நெஞ்சுக்கு நீதி’, தவிர ‘குறளோவியம்’, ‘தொல்காப்பியப் பூங்கா’. இத்தனைக்கும் நடுவே தன் முரசொலி இதழில், தொண்டர்களுக்கு ‘உடன்பிறப்பே’ என்று தொடங்கும் கடிதங்கள். அவை மட்டும் 7,000-க்கும் மேல். ஆண்டுக்கு 350 கடிதம் என்று வைத்துக்கொண்டாலும் இருபது ஆண்டு ஓயாமல் எழுத வேண்டிய வேலை அது. கோட்டையில் கோப்புகளும் வாசலில் கட்சிக்காரர்களும் காத்திருக்கும் ஒருவருக்கு இதற்கு நேரம் எங்கிருந்து வந்தது?

விடியும் முன்பே எழுந்துவிடுவார் என்பது அவரை அறிந்த பலரும் சொன்னது. அன்றைய நாளிதழ்களை வரி விடாமல் படிப்பார். விடிகாலையிலேயே அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்த கதை பல அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் உண்டு. கட்சித் தலைமையகமான அறிவாலயத்தில் நடைப்பயிற்சி. யோகாசனத்தை யோகா ஆசிரியர் தேசிகாச்சாரிடம் கற்றுக்கொண்டு செய்துவந்தார். பிறகு எழுத்து. ஊர் விழித்து, ‘தலைவரைப் பார்க்கணும்’ என்று வாசலில் கூட்டம் சேரும்போது, அவருக்கு முக்கியமானவற்றில் பாதி முடிந்திருக்கும். மற்றவர்கள் நேரம் கேட்டு வருவதற்கு முன்பே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால், 7,000 என்ன, 700 கூடத் தேறியிருக்காது.

அமைதியான வாரத்தில் இது யாருக்கும் முடியும். தலைகீழாகப் புரண்ட ஒரு வாரத்தையும் பார்ப்போம். 1976 ஜனவரி 31 அன்று அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலைக் காலம் அது. அவருடைய மகன் மு.க. ஸ்டாலின் உள்பட ஏராளமான கட்சிக்காரர்கள் மிசா சட்டத்தில் கைதானார்கள். யார் யார் உள்ளே போனார்கள் என்று எழுதப் பத்திரிகைத் தணிக்கை விடாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலியில் ஒரு பெயர்ப் பட்டியல் வெளியானது. கைதானவர்கள் இவர்கள்தான் என்று படித்த தொண்டர்களுக்குப் புரிந்துவிட்டது. பதவி போய் மூன்றே நாள், ஆனாலும் நாளைய பத்திரிகைக்கு என்ன எழுதுவது என்ற யோசனை ஓடிக்கொண்டிருந்தது. வாரத்தில் எதெல்லாம் சரிந்தாலும் நகராத ஒன்று இருந்தால், அதைச் சுற்றி மற்றவற்றை மறுபடி அடுக்கிக்கொள்ளலாம்.

அந்த ஒன்று நகராமல் நின்றதற்கு மன உறுதி மட்டும் காரணமில்லை. 1942-இல் துண்டறிக்கையாகத் தொடங்கிய முரசொலி, 1960-இல் நாளிதழானது. நாளிதழுக்கு நாளை என்று ஒன்று உண்டு. பக்கம் காத்திருக்கும், அச்சகம் காத்திருக்கும், காலையில் டீக்கடையில் படிக்கிறவர் காத்திருப்பார். யாரும் காத்திருக்காத வேலையைத்தான் நாம் தள்ளிப்போடுகிறோம். ஆகவே உங்கள் வேலைக்கும் ஒருவரைக் காத்திருக்க வையுங்கள். நடைப்பயிற்சி வேண்டுமென்றால் லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா வாசலில் ஆறு மணிக்கு வந்து நிற்கும் நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். பாட்டு என்றால் வாரம் தவறாமல் வரச் சொல்லும் ஆசிரியர், படிப்பு என்றால் சனிக்கிழமை கேள்வித்தாளோடு வரும் தோழி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கருணாநிதியிடம் சண்முகநாதன் இருந்தார். காவல் துறையில் சுருக்கெழுத்தராக இருந்து தி.மு.க. கூட்டப் பேச்சுகளைக் குறிப்பெடுத்தவர். அந்தத் திறமையைக் கண்டு அவரைத் தன் உதவியாளராக்கிக்கொண்டார். 2021 டிசம்பரில் மறைந்த சண்முகநாதன், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். அதோடு வீட்டை நிர்வகிக்கக் குடும்பம், வாசலைப் பார்த்துக்கொள்ளத் தொண்டர்கள். ஒருவர் நிம்மதியாக எழுத, பலர் தங்கள் நேரத்தைக் கொடுத்தார்கள்.

அதனால், ‘நீங்களும் விடியுமுன் எழுந்துவிடுங்கள்’ என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். அதே கோபாலபுரத்தில் ஐந்து மணிக்குப் பால் காய்ச்சி, டிபன் கட்டி, ஏழரைக்குப் பள்ளி வேன் ஏற்றிவிட்டு, தானும் ஓ.எம்.ஆர். அலுவலகத்துக்கு ஓடும் பெண்ணுக்கு விடிகாலை சொந்தமில்லை. அது ஏற்கெனவே வீட்டுக்கு எழுதி வைக்கப்பட்டது. இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழு என்றால் தூக்கம்தான் குறையும். அவருடைய முதல் மணி நேரம் சனிக்கிழமை மதியம் இரண்டு மணியாக இருக்கலாம், புதன் இரவு ஒன்பதாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் அடுப்பையும் அழைப்பு மணியையும் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவரோ மாமியாரோ வளர்ந்த பிள்ளையோ, அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். நேரத்தைத் தாளில் ஒதுக்கிவிடலாம். அது கையில் கிடைப்பது வீட்டில் பேசி முடித்த பிறகுதான்.

ஏன் நாளாக இல்லாமல் வாரமாகத் திட்டமிட வேண்டும் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. தன் நாள் தன் கையில் இருப்பவர் தினமும் ஒரே மணியை ஒதுக்கலாம். நம்மில் பலருக்கு ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருப்பதில்லை. திங்கள் நழுவினால் வியாழன் கைகொடுக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கவி, 1989-இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில் வாரத்தை அலகாக வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

இந்த வாரப் பயிற்சி இது. ஞாயிறு மாலை ஒரு தாளில் ஏழு கட்டம் போடுங்கள். அலுவலகத்தையும் ட்யூஷனையும் எழுதும் முன், உங்களுக்கென்று ஒரே ஒரு வேலைக்கு இரண்டு இடம் குறியுங்கள். ஒன்று மட்டும்தான், இரண்டாவது ஆசையை அடுத்த மாதம் பார்க்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் இரண்டு பெயர் எழுதுங்கள்: அந்த நேரத்தில் உங்களுக்காகக் காத்திருப்பவர் யார், உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்பவர் யார். எந்தப் பெயராவது கிடைக்கவில்லை என்றால், கட்டத்தை மாற்றாதீர்கள். முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த வாரம்: குறித்து வைத்த நேரத்தில் உறவினர் வந்து நின்றால் முகம் வாடாமல் ‘இப்போது முடியாது’ என்று சொல்வது எப்படி?