வாவியும் பதிப்போவியமும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக்கரை எழுவான்கரை என்றும் மேற்குக்கரை படுவான்கரை என்றும் வழங்கும். ஞாயிறு எழுதலும் படுதலுமே இப்பெயர்களுக்குக் காரணம். படுவான்கரையிலுள்ள வவுணதீவில் நெல்வயலும் கண்டற்காடும் நீர்ப்பரப்பும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எனினும் இக்காட்சி என்றும் ஒருபடித்தாய் இருப்பதன்று. மாரியில் நன்னீர் பெருகும். முகத்துவாரம் திறந்துள்ளபோது உவர்நீர் புகும். 1978ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய சூறாவளியும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் மட்டக்களப்பு நிலத்தின் தோற்றத்தைப் பெரிதும் மாற்றின. இவ்வாறு மாறும் இயற்கையைப் பதிந்துவைத்தற்கு ஏற்ற கலைகளுள் ஒன்று பதிப்போவியம்.

பதிப்போவியமாவது, மரம், உலோகம் முதலியவற்றில் அமைத்த உருவை மையிட்டுத் தாளில் ஒற்றி எடுப்பதாகும். இயற்கைப் பொருளையே அச்சாகக் கொள்வது இதன் எளிய வகை. 19ஆம் நூற்றாண்டு யப்பானில், பிடித்த மீனின்மேல் மை பூசித் தாளை அழுத்தி உருவெடுக்கும் வழக்கம் நிலவியது. அதனைக் 'கியோத்தாக்கு' என்பர்; மீனொற்று என்பது பொருள். மீனின் அளவும் செதிளும் துடுப்பும் உள்ளவாறே பதியும். பிடித்த நாளும் இடமும் அருகில் எழுதப்படுவதுண்டு. ஆதலால் இப்பழம் ஒற்றுகளைக் கொண்டு, முன்னாளில் எந்நீரில் எம்மீன் வாழ்ந்ததென அறியலாம் என்று 2020இல் வெளிவந்த யப்பானிய ஆய்வொன்று காட்டிற்று. பெருமைக்காக எடுத்தது பின்னாளிற் சான்றாயிற்று.

மீனை ஒற்றலாம், ஓடும் நீரை ஒற்றுதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டவருள் ஒருவர் கிருஷ்ண ரெட்டி (1925–2018). ஆந்திர நாட்டிற் பிறந்து, சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசிடம் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ஓவியம் கற்பித்த இவர், பின்னர் பாரிசில் ஹேயிற்றரின் 'அத்தலியே 17' என்னும் பட்டறையிற் பணியாற்றினார். அங்கே அவரும் பிறரும் வளர்த்த முறை, மையின் பாகுத்தன்மையைப் பயன்கொள்வது. தகட்டை மேடும் பள்ளமுமாகச் செதுக்குவர். வன்மையான உருளை மேட்டை மட்டும் தொடும். மென்மையான உருளை பள்ளத்தையும் எட்டும். எண்ணெய் மிக்க மை படிந்த இடத்தில் இறுகிய மை ஒட்டாது. எனவே பல நிறங்களும் ஒன்றோடொன்று கலந்து கெடாமல் ஒரே தகட்டில் நின்று, ஒரே அழுத்தத்தில் தாளில் இறங்கும். அவரது 'நீர்ச்சுழி' (1963) இம்முறையின் சிறப்பை உணர்த்துவது.

இத்தகைய தகடும் அழுத்துபொறியும் எவ்வூரிலும் எளிதிற் கிடைப்பன அல்ல. ஆயினும் ஒரு கண்டல் இலை, ஒரு வாவிமீன், சிறிது மை, ஒரு தாள் ஆகியன போதும், தொடங்குவதற்கு. நாளும் இடமும் குறித்துவைத்தல் மறக்கற்பாலதன்று. அக்குறிப்பின்றேல் அது அழகிய படம் மட்டுமே. குறிப்புண்டேல், அம்மரமும் மீனும் அருகிய காலத்தும், அவை ஈண்டிருந்தன என்பதற்கு அதுவே சான்றாகும்.