பச்சை மாடும் கவிஞர் வக்கீலும்

எல்லா மாடுகளும் பறவைகள். எல்லாப் பறவைகளும் பச்சை. ஆகவே எல்லா மாடுகளும் பச்சை. வங்கித் தேர்வில் இப்படி வந்தால், முடிவு சரி என்றுதான் குறிக்க வேண்டும். பச்சை மாட்டை எங்கே பார்த்தோம் என்று யோசிப்பவருக்கு மார்க் போய்விடும்.

தேர்வு எழுதுகிறவர்கள் ‘சில்லாஜிசம்’ என்று சொல்லும் இந்தப் பகுதியை முதலில் முறைப்படுத்தியவர் அரிஸ்டாட்டில், 2,300 ஆண்டுகளுக்கு முன்பு. கொடுத்த கூற்றுகளை உண்மை என்று வைத்துக்கொண்டால் முடிவு வந்தே தீருமா? கேள்வி அவ்வளவுதான். உலக நடப்பு இங்கே செல்லாது.

அபத்தமான முடிவைவிட, நம்பும்படியான முடிவு பொல்லாதது. எல்லா வக்கீல்களும் பட்டதாரிகள். சில பட்டதாரிகள் கவிஞர்கள். ஆகவே சில வக்கீல்கள் கவிஞர்கள். கவிதை எழுதும் வக்கீல் ஊருக்கு ஒருவர் இருக்கிறாரே என்று மனம் தலையாட்டும். ஆனால் அந்த முடிவு நிற்காது. 1983-இல் பிரிட்டன் உளவியலாளர் ஜோனதன் எவான்ஸ் குழு இதைச் சோதித்தது. தவறான முடிவு நம்பும்படி இருந்தபோது 71 சதவீத முறை சரி என்று ஏற்கப்பட்டது. நம்ப முடியாதபடி இருந்தபோது வெறும் 10 சதவீதம்.

தப்பிக்க வழி, படம் போடுவது. பட்டதாரிகளுக்குப் பெரிய வட்டம், அதற்குள் வக்கீல்களுக்குச் சின்ன வட்டம். கவிஞர்களின் வட்டம் பெரியதை வெட்டினால் போதும். சின்னதைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. தொடாமல் ஒரு படம் வரைய முடிந்தாலே முடிவு விழுந்துவிடும். தொடுகிற மாதிரியும் வரைய முடிவதால், ‘சில வக்கீல்கள் கவிஞர்களாக இருக்க வாய்ப்புண்டு’ என்று கேட்டால் சரி. ‘சில வக்கீல்கள் கவிஞர்கள்’, ‘எந்த வக்கீலும் கவிஞர் இல்லை’ என இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், ‘இரண்டில் ஏதோ ஒன்று’ என்பதே விடை.

பயிற்சி மையங்களில் இதை வென் படம் என்பார்கள். ஜான் வென் தம் படத்தை வெளியிட்டது 1880-இல். அதற்கு முன்பே, 1761-இல், கணித மேதை ஆய்லர் ஜெர்மன் இளவரசி ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் இந்த வட்டங்களைப் போட்டுக் காட்டிவிட்டார்.

‘சில’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். சில மாணவர்கள் பாஸ் என்றால் மற்றவர்கள் ஃபெயில் என்று வீட்டில் புரிந்துகொள்வோம். தேர்வில் அப்படி இல்லை; குறைந்தது ஒருவர் பாஸ், எல்லோருமே பாஸ் ஆகியிருந்தாலும் தவறில்லை. ‘ஒன்லி எ ஃபியூ’ என்று வந்தால் மட்டும் சிலர் பாஸ், சிலர் ஃபெயில் என இரண்டும் சேர்ந்தே வரும்.

படம் போட நேரமில்லை என்றால் கேள்வியை விட்டுவிடுங்கள். வங்கித் தேர்வில் ஒரு தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும்.