இறக்கத்தில் நியூட்ரல்: மிச்சம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவிலும், 2025 நவம்பரில் டித்வா புயலிலும் வீடு வாசலை இழந்து வேறிடம் போனவர்களுக்குப் போக்குவரத்துச் செலவைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. வாசலோடு இருந்த மரக்கறிப் பாத்திக்கு ஓட்டோவில் போய்வரும்போது, விளைச்சலின் ஒரு பங்கு பெற்றோலுக்கே போய்விடுகிறது. ஆகவே மிச்சம் பிடிக்கும் வழிகளைப் பற்றிப் பேச்சு எழுவது இயல்பே. அவற்றுள் நாம் அடிக்கடி கேட்பது ஒன்று: “இறக்கத்தில் நியூட்ரலில் விடுங்கள், எண்ணெய் மிச்சம்.”

2022 ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, பின்னர் ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது, இந்தப் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. அது எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

இயந்திரம் என்ன செய்கிறது?

நியூட்ரலில் விட்டதும் இயந்திரத்துக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பு அறுகிறது. வண்டி தானாக உருளும். ஆனால் இயந்திரம் நின்றுவிடாமல் இருக்க, அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கியரில் இறங்கும்போது நடப்பது வேறு. அங்கே சில்லுதான் இயந்திரத்தைச் சுழற்றுகிறது. இன்ஜெக்டர் உள்ள இக்கால வண்டிகளில், எக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், இயந்திரம் வேகமாகச் சுழலும்வரை எண்ணெய் முற்றாக நிறுத்தப்படுகிறது. பழைய டீசல் லொறியின் பம்பிலுள்ள கவனரும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. ஆகவே இந்த வண்டிகளை நியூட்ரலில் இறக்கினால் மிச்சமில்லை; வீண் செலவுதான்.

காபரேட்டர் பூட்டிய ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் சிறு மிச்சம் இருக்கக்கூடும். அதையும் கணக்குப் பார்ப்போம். எல்லவிலிருந்து வெல்லவாய வரை சுமார் 27 கிலோமீற்றர். இறங்க ஒரு மணித்தியாலம் என்று வைப்போம். ஓட்டோ இயந்திரம் சும்மா ஓடினால் அந்த ஒரு மணித்தியாலத்தில் செலவாவது கால் லீற்றருக்கும் குறைவு. கியரில் இறங்கினால் அதைவிடச் சற்றுக் கூடலாம். அந்தச் சிறு வித்தியாசமே நமக்கு மிச்சம்.

பிரேக்குக்கு வரும் சுமை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். எல்ல கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே. வெல்லவாய இருநூறு மீற்றருக்கும் கீழே. மரக்கறி ஏற்றிய மூன்று தொன் லொறி இந்த 800 மீற்றரை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 70 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் வீதியும் எடுத்துக்கொள்ளும். கியரில் இறங்கினால் இன்னொரு பங்கை இயந்திரம் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினாலோ மிச்சம் அத்தனையும் பிரேக்கின் தலையில்தான்.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் லைனிங் பிடிமானத்தை இழக்கிறது. ஈரம் ஏறிய பழைய பிரேக் ஒயில் கொதித்துக் குமிழி விடுகிறது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போகிறது. அப்போது கியருக்கு மாற்றலாம் என்றால், வேகமெடுத்த வண்டியில் கியர் விழாது. சாவியையும் அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கொடியது: பிரேக்குக்கு உதவும் காற்றழுத்தமோ வெற்றிடமோ சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, இதே எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டனர். அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது நமது நோக்கமன்று. ஆனால் அந்த வீதி தவறுக்கு இடம் கொடுக்காத வீதி என்பதை மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். கியரை இறக்கம் தொடங்கும் முன்னரே மாற்றுங்கள். பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிடுங்கள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோவில் மசகு எண்ணெய் பெற்றோலோடு கலந்தே இயந்திரத்துக்குப் போகிறது. அதற்காக நியூட்ரலில் விடத் தேவையில்லை. இடையிடையே கைப்பிடியைச் சற்றுத் திருகிக்கொடுத்தால் போதும்.

மிச்சம் வேண்டுமானால் அது வேறிடங்களில் இருக்கிறது. டயருக்குச் சரியான காற்று, சுத்தமான எயார் ஃபில்டர், ஏற்றத்தில் அவசரமின்மை ஆகியவற்றைக் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று குடும்பத்தின் மரக்கறி ஒரே வண்டியில் போகட்டும். மூன்று பயணம் ஒன்றாகும்போது மிஞ்சும் எண்ணெய்க்கு, எந்த நியூட்ரலும் ஈடாகாது.

வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும், வாடகைக்கு வரும் சாரதிக்கும் இதைச் சொல்லுங்கள். வண்டியில் ஏறி அமர்ந்த நமக்கு, “தம்பி, கியரில் இறக்குங்கள்” என்று சொல்லும் உரிமை உண்டு. நிலத்தை இழந்து, மறுபடி வாழத் தொடங்கிய ஒரு குடும்பம், சில துளிப் பெற்றோலுக்காக ஓர் ஆளை இழக்கக்கூடாது.