நோயாளி இருக்கும் வீட்டில் நாய் இருக்கலாமா?

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரிடம் மருத்துவமனை ஒரு தாளைத் தருகிறது. எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது, எவ்வளவு எடைக்கு மேல் தூக்கக் கூடாது, படிக்கட்டு எப்போது ஏறலாம், மறுபரிசோதனைக்கு என்று வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டில் வளரும் நாயைப் பற்றியோ பூனையைப் பற்றியோ பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த இடத்தை உறவினர்கள் நிரப்பிவிடுகிறார்கள்: “நோயாளி இருக்கும் வீட்டில் நாய் எதற்கு? எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.”

சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் இந்த அறிவுரை வந்தது. என் மனைவிக்கு வெளியூரில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் மைத்துனர், எங்கள் மணியைத் தன் கொட்டகைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். மணி ஒரு நாட்டு நாய். குட்டியாகத் தெருவில் கிடந்ததை என் மனைவிதான் எடுத்து வளர்த்தார். அவர் மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரமும் அது சோற்றைச் சரியாகத் தொடவில்லை. அவரோ, நான் தொலைபேசியில் பக்கத்து வீட்டாரிடம் பேசி முடித்ததும் முதலில் கேட்டது அதைப் பற்றித்தான். எனினும், தங்கை உயிர் பிழைத்து வந்திருக்கிறாள் என்ற மைத்துனரின் அச்சத்தைப் பாசத்தை மட்டும் காட்டித் தள்ளிவிட முடியாது. அந்த அச்சத்தில் எது உண்மை, எது மிகை என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நீண்ட நாள் நோயில் இருப்பவர்களுக்குச் சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று, 1859இல் வெளிவந்த செவிலியர் பணி குறித்த நூலிலேயே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியிருக்கிறார். இதை எண்களால் சோதித்தவர் அமெரிக்க ஆய்வாளர் எரிகா ஃபிரீட்மன். இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 92 பேரை அவரது குழு ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 1980இல் முடிவை வெளியிட்டது. வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் மூவர் இறந்திருந்தனர். வைத்திராத 39 பேரில் 11 பேர் இறந்திருந்தனர்.

இந்த எண்களை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆய்வு சிறியது. உடலும் மனமும் ஓரளவு தெம்பாக இருப்பவர்களே பிராணி வளர்க்கிறார்கள் என்றும் வாதிட முடியும். அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கையும் நிதானமாகவே பேசுகிறது: நாய் வளர்ப்பதற்கும் இதயநோய் அபாயம் குறைவதற்கும் தொடர்பு இருக்கக்கூடும், ஆனால் அதற்காக மட்டும் ஒருவர் நாய் வாங்கக் கூடாது. ஏற்கெனவே அன்போடு வளர்த்துவரும் நாயை நோயின் பெயரால் விரட்டுவது பற்றி யோசிக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு போதும். அந்த நாயால் நன்மை இருக்க வாய்ப்பு உண்டு. தீமையைத் தடுக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி.

அச்சத்தில் உள்ள உண்மை

பைபாஸ் சிகிச்சையில் நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, பின்னர் கம்பியால் பிணைக்கிறார்கள். அது நன்றாகக் கூட இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம். பாசத்தில் மேலே தாவும் நாயும், சங்கிலியை வெடுக்கென்று இழுக்கும் நாயும் அந்த நாட்களில் ஆபத்தானவை. காலிலிருந்து இரத்தக்குழாய் எடுத்திருந்தால் அங்கும் புண் இருக்கும். நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. அது தவறு. நாயின் உமிழ்நீரில் உள்ள சில பாக்டீரியாக்கள் ஆறாத புண்ணில் கடும் தொற்றை உண்டாக்கலாம். வெறிநோய் உள்ள நாய் புண்ணில் நக்குவதை, கடிக்கு இணையான உயர் அபாயப் பிரிவில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. மேலும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சிறு நகக்கீறல் பட்டாலும் இரத்தம் நிற்க நேரமாகும்.

இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி, முறையான குடற்புழு நீக்கம், உண்ணி ஒழிப்பு, நகம் வெட்டுதல் ஆகியவற்றுக்குக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. நாயைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, புண் ஆறும்வரை படுக்கையில் ஏற விடாதது, அதன் கழிவை நோயாளி அள்ளாதது ஆகியவை வீட்டின் பொறுப்பு. கீறலோ கடியோ பட்டால் ஓடும் நீரில் சோப்பால் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் வெகுவாகக் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும், கட்டுப்பாடு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். அதை அவர்களுடைய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் மணி முதல் இரண்டு மாதம் முற்றத்தோடு நின்றது. அறையின் சன்னலுக்கு வெளியே படுத்துக்கொண்டது. அவர் உள்ளிருந்து பேசுவார். அது வாலை ஆட்டும். அந்த நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். நோயாளிக்கு எல்லாவற்றையும் பிறர்தான் செய்கிறார்கள். சோறு வருகிறது, மருந்து வருகிறது, தலை வாரிவிட ஆள் வருகிறது. அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்தையே நடத்திய பெண்ணுக்கு அது பெரிய வலி. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வு வருவது அரிதல்ல என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அவரிடம் ஒன்றை எதிர்பார்த்து நின்ற ஒரே உயிர் மணிதான். மூன்றாவது வாரத்தில், உட்கார்ந்தபடியே அதற்குச் சோறு பிசைந்து தருவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் சொல்லியும் மகள் சொல்லியும் தள்ளிப்போட்டுவந்த நடைப்பயிற்சியை, அதற்குக் காலாற நடக்க வேண்டும் என்று சொல்லித் தொடங்கினார். சங்கிலியை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அந்த அரை மணி நேரம்தான் மருந்து அட்டவணையிலிருந்து கிடைத்த ஓய்வு.

யார் சோறு போடுவது?

பெரிய இதய அறுவை சிகிச்சைக்காக எங்கள் பகுதியினர் பலர் புதுச்சேரி, சேலம், சென்னை என்று போகிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டார் ஒப்புக்கொள்ளாவிட்டால் நாய் தெருவுக்குத்தான் போகும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது நோயுற்ற குடும்பத்தை மிரட்டுவதற்கான சட்டம் அல்ல; மாற்று ஏற்பாடு தேவை என்பதை நினைவூட்டும் சட்டம். தடுப்பூசி போட ஆளின்றித் தெருவில் சேரும் ஒவ்வொரு நாயும் ஊருக்கும் கவலைதான்.

எங்களுக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர், தொறுப் பூசலில் இறந்த வீரனின் பெயரோடு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டு நாயை வீட்டில் ஒருவராக எண்ணுவது நகரத்து நாகரிகம் அல்ல, இந்த மண்ணின் பழைய வழக்கம்.

கள்ளக்குறிச்சியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடுகளுக்கே வருகிறார்கள். நோயாளியின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறிக்கும் தாளில் மேலும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: வீட்டில் வளர்ப்புப் பிராணி உண்டா? அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? கேட்பதற்குச் செலவில்லை. நாயை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று உறவினர் கூட்டத்தில் தடுமாறும் குடும்பத்துக்கு, மருத்துவத் துறையிடமிருந்து வரும் ஒரு தெளிவான சொல் பெரிய உதவி.