வெளுத்துப்போன திரைக்குப் பின்னால்

குளிர்காலத்தில் காரைக்காலில் ராத்திரி எட்டு மணி என்றால் பாரிஸில் மதியம் மூன்றரை. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. பிள்ளை அங்கே, பெற்றவர்கள் இங்கே என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படியொரு வீட்டு அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"தம்பி, மவன் மூஞ்சி அப்படியே நிக்கிது. கீழ இருக்கிற குட்டிப் படமெல்லாம் வெள்ளையாப் போயிடுச்சு. சுவிட்ச அணைச்சிடவா?"

"அணைக்காதீங்கம்மா, வர்றேன்."

வீடியோ அழைப்பின் ஜன்னல் வெளுத்திருந்தது. தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்'. இதைப் பார்த்ததும் கணினியே போய்விட்டது என்று பயப்படுகிறோம். நடப்பது வேறு. நாம் மவுஸைச் சொடுக்குவதும் விசையைத் தட்டுவதும் அந்தந்த புரோகிராமின் வாசலில் சீட்டுகளாக வரிசை கட்டி நிற்கும். புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்து வேலை பார்க்கும். ஐந்து வினாடிக்கு ஒரு சீட்டைக்கூட எடுக்காவிட்டால், விண்டோஸ் அந்த ஜன்னலின் நகல் ஒன்றை மேலே வைத்துவிடுகிறது. வெளுத்துத் தெரிவது அந்த நகல்தான். அதை நகர்த்தலாம், அளவை மாற்றலாம், மூடலாம். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. அசல் புரோகிராம் பின்னால் டிஸ்கிலிருந்தோ இணையத்திலிருந்தோ எதையாவது எதிர்பார்த்து நிற்கலாம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அந்த புரோகிராமுக்கு நேரே டிஸ்க், நெட்வொர்க் எண்கள் மாறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வேலை நடக்கிறது, பொறுக்கலாம். அம்மா வீட்டில் சில நிமிடம் பார்த்தும் எண் அசையவில்லை. 'எண்ட் டாஸ்க்' கொடுத்தேன். இதில் சேமிக்காத வேலை போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் வேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானே ஒரு பிரதி எடுத்து வைக்கும்.

கீழே உள்ள பட்டையின் கதை தனி. 1995இல் விண்டோஸ் 95 கொண்டுவந்த டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப்பையும் வரைவது எக்ஸ்ப்ளோரர் என்ற புரோகிராம். ஒவ்வொரு தடவையும் ஐகான் என்ற அந்தக் குட்டிப் படங்களைத் தேடி எடுக்க நேரமாகும் என்று, அவற்றைக் கோப்புகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு கெட்டால் ஐகான் வெள்ளைத் தாளாகத் தெரியும். புரோகிராமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' வரியைத் தொட்டு 'ரீஸ்டார்ட்' கொடுத்தேன். பட்டை மறைந்தது, திரும்பி வந்தது, நிறங்களோடு. திறந்திருக்கும் ஃபோல்டர்கள் மூடிக்கொள்ளும் என்பதால், கோப்புகளை நகலெடுக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

சுவிட்சை அணைக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் கோப்பு பாதியில் கெடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் கரையோரத்தில் கணினி ஏற்கெனவே போதுமான அடி வாங்குகிறது. நம் கையாலும் ஒன்று வேண்டாம்.

மகனின் குரல் அன்று ஒன்பது மணிக்கு மீண்டும் கேட்டது. உங்கள் வீட்டிலும் திரை வெளுத்தால், பவர் பட்டனைத் தொடும் முன் அந்த மூன்று விசைகளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.