கோவெண்டர் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது?



சில நாட்களுக்கு முன்பு நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். தென்னாப்பிரிக்காவில் வாழும் ஒருவரைப் பற்றிய செய்தி அது. அவருடைய பெயரின் முடிவில் 'கோவெண்டர்' என்று இருந்தது. "சார், இவர் தமிழர் என்று போட்டிருக்கிறது. ஆனால் இப்படி ஒரு பெயர் நம் லயத்தில் யாருக்கும் இல்லையே. வெள்ளைக்காரர் பெயர் மாதிரி இருக்கிறதே" என்று கேட்டான்.

நல்ல கேள்விதான். தமிழ்நாட்டிலேயே ஊர் ஊராகத் தேடினாலும் இந்த எழுத்தில் இந்தப் பெயரைக் காண்பது அரிது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கடைப் பலகையிலும் பள்ளிப் பதிவேட்டிலும் எங்கும் காணக்கூடிய பெயர் இது. பிறந்த இடத்தில் இல்லாத பெயர் கடல் தாண்டிய இடத்தில் பெருகியிருப்பது எப்படி? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். இது நம் வீட்டுக் கதையையும் தொட்டுச் செல்லும் என்பதைப் போகப் போக அறிவீர்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. பாட்டன், தந்தை, மகன், பேரன் எல்லாருக்கும் அந்த ஒரே பெயர் வழிவழியாக வரும். நம் வழக்கம் அதுவன்று. நமக்கு இட்ட பெயர் ஒன்று. அதனுடன் தந்தையின் பெயர். சிலர் ஊர்ப் பெயரையும், சிலர் சாதிப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே நம் முன்னோர் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் போய் இறங்கியபோது, "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்ட அதிகாரிக்குச் சொல்ல அவர்களிடம் விடை இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக அந்த விடை எழுதப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஆங்கிலேயர் கரும்புத் தோட்டங்களை அமைத்தார்கள். அங்கே வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போய் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். நம் நாட்டில் 'சஞ்சிக்கூலி' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த முறைதான் அங்கும். முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங்.

அந்தக் கப்பல்களில் சென்ற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுக்கப்பட்டது. ஆண், பெண், குழந்தை எல்லாரும் பட்டியலில் ஏறினார்கள். பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் தனித்தனிப் பத்தி உண்டு. மனிதரை எண்ணாகக் கருதி, ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய பட்டியல் அது. ஆனால் அதே பட்டியல்தான் இன்று அவர்களுடைய பேரன் பேத்திகள் தம் பூர்வீகக் கிராமத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுகிறது. அடிமைச் சீட்டுப் போல எழுதப்பட்ட தாள் குடும்பத்தின் ஆதாரச் சீட்டாக மாறிவிட்டது.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பிறப்பும் திருமணமும் பதிவாயின. அப்போது குடும்பப் பெயருக்கான கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. சிலருக்கு முதலில் வந்த தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. முனுசாமி என்பது 'மன்சாமி' ஆயிற்று. பெருமாள், ஆறுமுகம் என்பனவும் குடும்பப் பெயர்கள் ஆயின. வேறு சிலருக்குப் பட்டமே குடும்பப் பெயராயிற்று. நாயுடு 'நாயுடூ' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். படையாச்சி 'படயாச்சி' ஆனார். கவுண்டர்தான் 'கோவெண்டர்' ஆனார் என்பது பெரும்பாலோர் கொண்ட கருத்து.

கவுண்டர் எப்படிக் கோவெண்டர் ஆக முடியும் என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள்: க - வுண் - டர். நடுவில் 'வு' என்னும் எழுத்து இருக்கிறது. விரைந்து பேசும்போது அது மறைந்து 'கௌண்டர்' என்று ஒலிக்கும். விரைந்து கேட்ட எழுத்தர் ஜி, ஓ, யு, என், டி, இ, ஆர் என்று எழுதினார். நடுவில் உள்ள 'வு'வைக் காதில் வாங்கியவர் ஜி, ஓ, வி, இ, என், டி, இ, ஆர் என்று எழுதினார். பிந்திய எழுத்தே கோவெண்டர் என்று நிலைத்தது எனக் கொள்ளலாம். இந்த 'வு' புதியதன்று. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ஊர்த்தலைவரைக் குறிக்கும் 'காவுண்ட' என்னும் சொல்லிலும் அது இருக்கிறது. கவுண்டர், கர்நாடகத்தில் வழங்கும் கௌடர் இரண்டும் அந்தச் சொல்லோடு உறவுடையவை. கோவிந்தன் என்னும் சாமி பெயருக்கும் இதற்கும் குழப்பம் வந்துவிடக்கூடாது. அது வேறு பெயர்.

இனி உலகப் படத்தை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். அதே கவுண்டர் என்னும் பட்டம் பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுக்கும் போயிற்று. பிஜிக்கு முதல் கப்பல் 1879இல் கல்கத்தாவிலிருந்து சென்றது. சென்னையிலிருந்து ஆட்கள் போனது 1903 முதல்தான். 1916 வரை சுமார் 15,000 பேர் சென்றார்கள். அங்கே அந்தப் பட்டம் 'கவுண்டர்' என்னும் ஒலியோடு, கடைசியில் டி, ஏ, ஆர் என்றோ டி, இ, ஆர் என்றோ எழுதப்பட்டது. இந்துமாக்கடலில் உள்ள மொரீசியசுக்கு 1834 முதல் ஆட்கள் போனார்கள். அந்தத் தீவில் அதே பட்டத்தைக் 'கவுண்டன்' என்று 'ன்' விகுதியுடன் காணலாம். தென்னாப்பிரிக்காவிலும் கவுண்டன் என்று எழுதும் குடும்பங்கள் உண்டு. ஆனால் கோவெண்டர் என்பது நேட்டாலுக்கே உரிய எழுத்து.

ஆகவே இன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு கோவெண்டரைக் கண்டால், அவர் குடும்பம் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். 'டி, ஏ, ஆர்' என்று முடியும் கவுண்டரைக் கண்டால், பிஜியிலிருந்து வந்தவராக இருக்கக்கூடும். 1987இல் பிஜியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு பலர் அங்கிருந்து வெளியேறினார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் போய் நின்றது என்பதைப் பெயரின் எழுத்து காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் கப்பல் ஏறியவர் எந்த ஊர்க்காரர் என்பதை அது காட்டாது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கவுண்டர் என்றதும் நமக்குக் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் என்று கொங்கு நாடு நினைவுக்கு வரும். ஆனால் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பக்கத்திலும் அந்தப் பட்டம் வழங்குகிறது. ஒரே சமூகத்தார் மட்டும் அதை வைத்துக்கொள்ளவில்லை. வெவ்வேறு சமூகத்தார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேட்டாலுக்கு ஆட்கள் மிகுதியாகப் போன மாவட்டங்களில் வட ஆர்க்காடும் ஒன்று. ஆகவே டர்பனில் உள்ள ஒரு கோவெண்டர், "நம் ஊர் கோயம்புத்தூர்தான்" என்று நினைத்துப் பேருந்து ஏறிவிட்டால், ஊர் தெரியாமல் திரும்ப நேரிடலாம். அவர் கப்பல் பட்டியலில் தம் முன்னோரின் எண்ணைத் தேடி, அதற்கு நேரே எழுதியுள்ள கிராமத்தைப் பார்க்க வேண்டும். அதுவே வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டம் பெயராகிவிட்டதால் அதைக் கொண்டு இன்னார் இன்ன சாதி என்று முடிவு கட்டுவது பிழை. கப்பலிலும் தோட்டத்திலும் பட்டத்தை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. ஒரே தொழிற்சாலைச் சங்கு ஊதியபோது எழுந்து, ஒரே கரும்புக் காட்டில் வெட்டியவர்களுக்கு அந்த வேறுபாடு எவ்வளவு தூரம் உதவியிருக்கும்? இன்று அது அவர்களுக்குக் குடும்பப் பெயர்; அவ்வளவுதான். அந்தப் பெயருடையவர்களில் ரோனி கோவெண்டர் என்னும் எழுத்தாளரைக் குறிப்பிடலாம். 1934இல் பிறந்து 2021இல் மறைந்த அவர், டர்பனில் தாம் பிறந்த கேட்டோ மேனர் என்னும் பகுதியின் எளிய மக்களைப் பற்றி நாடகங்களும் கதைகளும் எழுதினார். நிறவெறி அரசு அந்தப் பகுதி மக்களை அப்புறப்படுத்தியது. இடம் போனாலும் அவர்கள் வாழ்ந்த விதம் அவர் எழுத்தில் இருக்கிறது.

தில்லையாடி வள்ளியம்மையை நீங்கள் அறிவீர்கள். காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, நோயுற்று வெளிவந்து, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்த இளம்பெண். அவர் 1898இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தவர். தந்தையார் முனுசாமி முதலியார். தில்லையாடி என்பது அவர் பிறந்த ஊரன்று; தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள அவர் குடும்பத்து ஊர். அந்த ஊர்ப் பெயர் அவருடன் சேர்ந்தே நின்றதால்தான் இன்று அங்கே அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது.

இப்போது நம் கதைக்கு வருவோம். மலாயாவில் நமக்குக் குடும்பப் பெயர் வைக்கவில்லை. முன்பு ஆங்கிலத்தில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதினார்கள். பிறகு மலாயில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்று எழுதலானார்கள். தமிழ் வழக்கத்துக்கு இதுவே நெருக்கமானது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மகனின் கார்டில் தந்தை பெயர் இருக்கும். பேரனின் கார்டில் பாட்டன் பெயர் இராது. மூன்று தலைமுறையில் முதலில் வந்தவரின் பெயர் தாளிலிருந்து மறைந்துவிடும். கோவெண்டர் என்னும் பெயர் ஒரு கயிறு போல நூறாண்டுக்கு மேல் குடும்பத்தைக் கட்டி வைத்திருக்கிறது. நமக்கு அந்தக் கயிறு இல்லை.

அடுத்தது எழுத்து. பெயரைக் காதால் கேட்டு எழுதியவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். தாய் ஒருவிதமாகச் சொல்ல, கிராணியார் ஒருவிதமாகக் கேட்க, பதிவு செய்தவர் வேறுவிதமாக எழுதினார். லட்சுமி என்பது பல வீடுகளில் லெட்சுமி ஆயிற்று. அது பரவாயில்லை, நம் மண்ணின் எழுத்து என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தந்தையின் அடையாளக் கார்டில் ஓர் எழுத்தும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வேறோர் எழுத்தும் இருந்தால் சங்கடம் வரும். பள்ளியில் பெயர் பதியும்போதும், தந்தை இறந்தபின் சேமநிதிப் பணம் கேட்கும்போதும், "இவரும் அவரும் ஒருவர்தானா?" என்ற கேள்வி எழும். அதற்காகக் கூலி இழந்து அலைந்த தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். பத்திரத்தை வாங்கிய அன்றே நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டால் அந்த அலைச்சல் குறையும். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்த பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ காட்டலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறோம். நம் பாட்டனார் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் என்று தெரியும். எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்று கேட்டால், "ஆர்க்காட்டுப் பக்கம்" என்பதற்கு மேல் நமக்குத் தெரியாது. நம் பாட்டியாருக்கு ஊர், தெரு, கோயில் எல்லாம் தெரியும். மாலையில் வாசற்படியில் அமர்ந்து அந்த ஊர்க் குளத்தைப் பற்றிச் சொல்லுவார்கள். நாமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். பயிற்சிக் கல்லூரியில் படித்து, பிறருக்கு எழுத்துக் கற்பிக்க வந்த நாம், அந்த ஊர்ப் பெயரை ஒரு தாளில் குறித்து வைக்கவில்லை. பாட்டியார் போய்விட்டார்கள். குளம் நினைவிருக்கிறது, ஊரின் பெயர் நினைவில்லை.

ஆகவே நேயர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். இந்த வார இறுதியில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதுங்கள். முதலாவது, இந்த நாட்டுக்கு முதலில் வந்தவரின் முழுப் பெயர்; பாட்டியின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது, அவர்களுடைய தாய் தந்தை பெயர். மூன்றாவது, கிராமம், அதற்கு அருகில் உள்ள பெரிய ஊர், குலதெய்வக் கோயில். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால் கோயிலும் பக்கத்து ஊரும் துணை செய்யும். நான்காவது, வந்த ஆண்டு. 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் மலாயாவுக்குப் போவதைத் தடை செய்ததால், தோட்ட வேலைக்கு வந்த முன்னோர் பலர் அதற்கு முன் வந்தவர்கள். ஐந்தாவது, முதலில் வேலை செய்த தோட்டம். தமிழில் ஒருமுறை, கார்டில் உள்ளபடி ஒருமுறை, இரண்டு எழுத்திலும் எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்ட மாணவனிடமும் இதையே சொன்னோம். திங்கட்கிழமை அவன் புத்தகத்தோடு வந்தான். அவனுடைய பாட்டி சொல்லச் சொல்ல, ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். கிராமத்தின் பெயரை மட்டும் மூன்று முறை அடித்து எழுதியிருந்தான். "ஏன்?" என்று கேட்டோம். "பாட்டி சொல்வது சரியாகக் காதில் விழவில்லை சார். மறுபடியும் மறுபடியும் சொல்லச் சொன்னேன்" என்றான்.