பல் வைத்தியமும் நாணயமும்

கோர்ட்டிலே எவ்வளவு எளியவனும் எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பல் வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்தவனுக்கோ அந்தப் பாக்கியம் கிடையாது. வாய் திறந்திருக்கிறது, பேச முடியாது. வைத்தியர் காண்பதை அவன் காண முடியாது. அவர் சொல்வதை மறுக்க அவனிடம் ஆதாரமும் இல்லை. வேர் அழுகிவிட்டது என்றால் அழுகிவிட்டது. மூன்று பற்களுக்கு உறை போடவேண்டுமென்றால் போடவேண்டியதுதான். ஒருவருடைய வார்த்தையையே முழுவதும் நம்பி நிற்கவேண்டிய தொழில்கள் உலகத்தில் சிலவே. ஆகையால் பல் வைத்தியத்தில் கைத்திறமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாணயத்தைப் பற்றிப் பேசுவது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

நாணயம் தவறினால் பணந்தானே போகும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். உயிரும் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சமீபத்தில் ஓர் உதாரணம் கிடைத்தது. திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை நிலையத்திற்குச் சென்றவர்களில் 10 பேர், 2023-ம் வருஷத்தையொட்டி, மூளையைத் தாக்கும் ஒரு கொடிய நோய்க்கு ஆளாயினர். அவர்களில் 8 பேர் மாண்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், சர்க்கார் சுகாதார இலாகாவினரும் ஆராய்ந்து கண்ட முடிவு 2025-ல் வெளியாயிற்று. காரணம் என்ன? ஏதோ அபூர்வமான விஷமா? இல்லை. வாயைக் கழுவும் உப்பு நீர்ப் புட்டி! ஈற்றைப் பிரிக்கும் ஆயுதத்தாலேயே அப்புட்டியைத் திறப்பது, பிறகு பஞ்சைக் கொண்டு லேசாக மூடி வைப்பது, மீதியை அடுத்த நோயாளிக்கு உபயோகிப்பது. இதுவே அங்கு வழக்கமாயிருந்ததாம். ஈர மண்ணிலும் நீரிலும் வசிக்கும் ஒரு கிருமி அவ்வழியே உட்புகுந்தது. புதுப் புட்டி ஒன்றின் விலை எவ்வளவு என்பதை நேயர்கள் எந்த மருந்துக் கடையிலும் விசாரித்துக்கொள்ளலாம்.

இதைப் பணத்தாசை என்று நாம் சொல்ல வரவில்லை. அசிரத்தை என்றே சொல்லுகிறோம். ஆனால் நோயாளி பார்க்க மாட்டான் என்ற எண்ணத்தில் பிறந்த அசிரத்தைக்கும், நோயாளிக்குத் தெரியாது என்ற தைரியத்தில் சொல்லப்படும் பொய்க்கும் தாய் ஒருத்திதான்.

கடலூர் ஜில்லாவாசிகளுக்கு இவ்விஷயத்தில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதியும், அதையொட்டி ஒரு பொறுப்பும் உண்டு. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1980-ம் வருஷம் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. இன்று அது கடலூர் ஜில்லாவின் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி. பெயரில் கடலூர், இருப்பது சிதம்பரம்! புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் முதலிய இடங்களிலிருந்து பஸ் ஏறி வரும் குடியானவனுக்கும் மீனவனுக்கும் சொத்தைப் பல்லை அடைக்கவும், பொய்ப்பல் கட்டவும் பக்கத்திலேயே ஒரு பெரிய ஸ்தாபனம் இருப்பது எளிதில் வாய்க்கும் காரியமன்று.

இக்கல்லூரி சர்க்கார் கட்டணத்திற்கு வந்த வரலாற்றை நம் தேசத்தொண்டர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அண்ணாமலை சர்வகலாசாலையைச் சர்க்கார் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது 2013-ல். அதன் பிறகும் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களிடம் மற்றச் சர்க்கார் கல்லூரிகளைக் காட்டிலும் பன்மடங்கு கட்டணம் வாங்கப்பட்டு வந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் கிளர்ச்சி தொடங்கினர். ஐம்பது நாட்களுக்கு மேலும் தளரவில்லை. 2021-ன் ஆரம்பத்தில் கல்லூரிகள் சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டு, மற்றச் சர்க்கார் கல்லூரிகளின் கட்டணமே இங்கும் என்று தீர்மானமாயிற்று.

அது மாணவர்களின் சொந்த வழக்கு என்று அப்பொழுது சிலர் ஒதுங்கி நின்றனர். நாம் அவ்விதம் கருதவில்லை. அது நோயாளிகளின் வழக்கே. லக்ஷக்கணக்கில் கடன் வாங்கிப் படித்து வெளியே வரும் வாலிபன் நாற்காலி, எக்ஸ்ரே யந்திரம், வாடகை என்று மேலும் கடன் வாங்கிக் கடை திறக்கிறான். மாதம் பிறந்தால் பாங்கிக்குத் தவணை கட்டவேண்டும். அச்சமயம் சற்றே கறுத்த பல்லுடன் ஒருவன் உள்ளே வருகிறான். சுத்தம் செய்து அனுப்பினால் சில நூறு. வேர்ச் சிகிச்சை செய்து உறையும் போட்டால் பல ஆயிரம். அந்த நிமிஷத்தில் தர்மத்தின் பக்கம் நிற்கும் வாலிபர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது வந்தனம். ஆயினும் ஒவ்வொரு நாளும் ஒருவனைச் சோதனையில் நிறுத்திவிட்டு, அவன் தவறும்போது மட்டும் கூக்குரலிடுவது நியாயமாகுமா? கல்லூரியில் வாங்கும் அதிகக் கட்டணத்தைக் கடைசியில் நம் பற்களே செலுத்துகின்றன.

நமது நண்பர் ஒருவருக்குக் கடலூரில் ஓரிடத்தில் நான்கு பற்களுக்கு வேர்ச் சிகிச்சை அவசியமென்று சொல்லப்பட்டது. அவர் சற்றுப் பிடிவாதக்காரர். பஸ் ஏறி அண்ணாமலைநகர் சென்று காட்டினார். அங்கே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பல்லுக்கு மட்டும் சிகிச்சை போதும், மற்றவற்றை அடைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். முதலில் பார்த்தவர் வேண்டுமென்றே சொன்னாரா, அபிப்பிராய பேதமா என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஆனால் பஸ் ஏறாத மற்றவர்கள் எத்தனை பேர்?

சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. சந்தையில் குறடு வைத்துக்கொண்டு பல் பிடுங்கியவர்கள் மலிந்திருந்த காலத்தில், 1948-ல், பல் வைத்தியர் சட்டம் பிறந்தது. பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பதிவேடு. பட்டமில்லாவிடினும் ஐந்து வருஷம் இத்தொழிலையே ஜீவனமாகக் கொண்டிருந்தவர்களுக்கு மற்றொரு பதிவேடு என்று அச்சட்டம் தாராளமாகவே ஏற்பாடு செய்தது. 2023-ல் இதற்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. வைத்தியமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் தீர்த்தது. ஒரு சிகிச்சைக்கு அளித்த சம்மதம் வேறொரு சிகிச்சைக்குச் செல்லாது என்றும் 2008-ல் தீர்த்தது. இவையெல்லாம் நல்லவையே. எனினும் வக்கீல் தொழிலை அறிந்தவர் என்ற முறையில் நாம் சொல்லக்கூடியது, பல் போன பிறகே சட்டம் வருகிறது என்பதுதான். தீர்ப்பு நகலைக் கொண்டு பாக்கு மெல்ல முடியாது.

நோயாளிகளிடமும் குற்றம் உண்டு. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் விட்டோம். அவற்றின் இடத்தில் வந்த பிரஷையாவது இரவில் உபயோகிக்கிறோமா? புகையிலை அடக்கிய கன்னத்தில் ஆறாத வெள்ளைப் படலம் கண்டும் மாதக்கணக்காய் வாளாவிருக்கிறோம். வலி பொறுக்க முடியாமற் போனபின், எங்கே மலிவு என்று தேடி, பதிவுபெறாதவனிடமும் போகிறோம். ஆயுதங்களைச் சுத்தி செய்யச் செலவு பிடிக்கும். வெறும் கொதிநீரில் போட்டெடுத்தால் எல்லாக் கிருமிகளும் மடிவதில்லை. ஆட்டோகிளேவ் என்னும் யந்திரத்தில், அழுத்தமான நீராவியில் 121 டிகிரி உஷ்ணத்தில் கால் மணிக்குக் குறையாமல் வைத்தெடுக்கவேண்டும். இதை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒழுங்காகச் செய்பவர், செய்யாதவரைவிடச் சற்று அதிகம் கேட்டால் அது அநியாயமன்று.

அண்ணாமலைநகர்க் கல்லூரியாருக்கு ஒரு விண்ணப்பம். எந்தச் சிகிச்சைக்கு என்ன அவசியம், என்ன செலவு என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிடுங்கள். வெளியே ஓரிடத்தில் சொல்லப்பட்ட சிகிச்சை வேண்டியதுதானா என்று கேட்டு வருகிறவர்களுக்கென்று வாரத்தில் ஒரு வேளை ஒதுக்குங்கள். கடலூர் துறைமுகத்திலும் தேவனாம்பட்டினத்திலும் உள்ளவர்கள் அதற்காகவே பஸ் ஏறுவார்கள்.

நேயர்களும் கூச்சத்தை விடவேண்டும். ஆயுதப் பொட்டலத்தை நம் கண்ணெதிரே பிரிக்கும்படியும், எடுத்த படத்தைக் காட்டும்படியும், செலவை எழுதித் தரும்படியும் கேட்பதில் அவமரியாதை எதுவுமில்லை. சென்ற தடவை சிதம்பரத்தில் நாமே ஒரு வைத்தியரிடம் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. உறையின் மேல் நீராவி பட்டு நிறம் மாறியிருந்த கோட்டைக் காண்பித்து, தேதியையும் படிக்கச் சொல்லிவிட்டு, "இருபது வருஷத்தில் இதைக் கேட்டவர்கள் மூன்று பேர்" என்றார்.